செராம்பூரில் பூத்த டெய்சி

மாசி பிறந்ததும் வடநாட்டிலும் வங்கத்திலும் வாழும் நண்பர்கள் தம் வீட்டுத் தோட்டப் படங்களைப் பதிவிடத் தொடங்கிவிடுகின்றனர். ஃப்ளாக்ஸ், பிட்டூனியா, பான்சி, டெய்சி எனத் தொட்டிகள் நிறைந்திருக்கின்றன. 'வசந்தம் வந்துவிட்டது' என்ற குறிப்பும் பெரும்பாலும் உடன் வருகிறது. அந்தப் பூக்களுள் ஒன்றான டெய்சியின் பழங்கதை ஒன்றை இங்கே எழுத விரும்புகிறேன். கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள செராம்பூரில், 1820களின் தொடக்கத்தில் நிகழ்ந்தது அது. ஒரு மொழியறிஞரின் வீட்டுத் தோட்டம் அதன் களம்.

கதைக்குள் புகுமுன் 'வசந்தம்' என்ற சொல்லைச் சற்று நோக்க வேண்டும். தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்துச் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்கிறது. மாசியும் பங்குனியும் பின்பனி. வங்காளியரும் ஆறு பருவங்களே கொள்கின்றனர். ஆயின் அவர்களுக்குப் பால்குனமும் சைத்ரமும் வசந்தம். பால்குனம் என்ற பெயரிலிருந்துதான் நம் பங்குனி வந்தது. எனினும் வங்காளப் பஞ்சாங்கத்தின் பால்குனம் நம் மாசியோடு ஒத்து வருகிறது. அவர்களுடைய சைத்ரம் நம் பங்குனி. ஆகவே வங்காளியர் வசந்தம் எனக் கொண்டாடும் இரு மாதங்களும் நமக்குப் பின்பனிக் காலமே. பெயர் ஒன்றாயிருக்க நாள் நகர்ந்துவிட்டது. முன்வசந்தப் பூ என்று எதைச் சொல்வது என்பதற்கு இந்தியா முழுமைக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை.

இப்பொழுது தோட்டத்துக்கு வருவோம். அதன் உரிமையாளர் வில்லியம் கேரி. 1761ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரில் பிறந்தவர். இளமையில் செருப்புத் தைக்கும் தொழில் பயின்றவர். 1793இல் மறைபணியாளராக வங்கம் வந்தார். முதல் ஆண்டுகளில் மால்டாப் பகுதியில் ஓர் அவுரித் தொழிற்சாலையை மேற்பார்வையிட்டுப் பிழைத்தார். அக்காலத்தில் அவர் தாயகத்துக்கு எழுதிய கடிதங்களில் அரிவாள், கலப்பைச் சக்கரம் ஆகியவற்றோடு, ஆண்டுதோறும் காய்கறி விதையும் பூவிதையும் அனுப்புமாறு வேண்டுகிறார். 1800ஆம் ஆண்டு சனவரியில் செராம்பூருக்குக் குடிபெயர்ந்தார். அவ்வூர் அன்று டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது.

வரலாற்று நூல்கள் கேரியை மொழிப்பணிக்காகவே பெரிதும் நினைவுகூர்கின்றன. 1801இல் வங்காள இலக்கண நூலை வெளியிட்டார். அதே ஆண்டு கொல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்காளம் கற்பிக்கும் பொறுப்பேற்றார். பின்னர் சமற்கிருதமும் மராத்தியும் கற்பித்தார். வங்காள–ஆங்கில அகராதி ஒன்றையும் தொகுத்தார். இவ்வளவுக்கும் இடையில் ஏறத்தாழ ஐந்து ஏக்கர் பரப்பில் ஒரு தோட்டத்தை வளர்த்து, அதன் செடிகளை லின்னேயசின் வகைப்பாட்டு முறைப்படி அணிவகுத்து வைத்திருந்தார். பகலெல்லாம் சொற்களை வகைப்படுத்தியவர் தோட்டத்தில் செடிகளை வகைப்படுத்தினார். இரண்டும் அவருக்கு ஒரே பணியின் இரு கூறுகளாகவே தோன்றியிருக்க வேண்டும்.

ஒருமுறை இங்கிலாந்திலிருந்த தாவரவியல் நண்பர் ஒருவர் பலவகை விதைகளை ஒரு பையில் இட்டு அவருக்கு அனுப்பினார். விதைகளைப் பிரித்தெடுத்த பின்பும் பையின் அடியில் சிறிது மண் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் வீணாக்க மனமின்றி, தோட்டத்தில் நிழல் விழும் ஓர் இடத்தில் பையைக் கேரி உதறினார். சில நாள் கழித்து அங்கே சென்றவர் ஒரு சிறு முளையைக் கண்டார். இங்கிலாந்தின் புல்வெளிகளில் எவரும் நட்டு வளர்க்காமல் தானே மண்டிக் கிடக்கும் டெய்சி அது. அதைக் கண்டு முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இனி ஒருபோதும் காணப் போவதில்லை என்றே எண்ணியிருந்தார். ஐரோப்பாவை நீங்கிய பின் இத்தகைய எளிய இன்பம் தமக்கு வாய்த்ததில்லை என்று அந்த நண்பருக்கு எழுதினார். செய்தி ஷெஃபீல்டில் வாழ்ந்த கவிஞர் ஜேம்ஸ் மான்ட்கோமரியின் செவிக்கு எட்டியது. அம்மலரை நோக்கிக் கேரியே பேசுவதுபோல் 'இந்தியாவில் டெய்சி' என்னும் கவிதையை அவர் இயற்றினார்.

இக்கதையைப் பலர் நெகிழ்ச்சியோடு சொல்லியுள்ளனர். என் கவனம் செல்வது கதைக்குப் பின் நடந்ததன்மேல். இங்கிலாந்துப் புல்வெளியில் டெய்சி பல்லாண்டுத் தாவரம். பனிக்காலத்தில் ஒடுங்கினாலும் வேர் மடியாது. மறு ஆண்டு தானே தழைக்கும். வங்கச் சமவெளியின் வெயிலையும் மழையையும் அது தாங்காது. ஆகவே இங்கே அது ஒருபருவச் செடியாயிற்று. மழைக்காலம் முடிந்து ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் பனிக்கடையில் பூக்கும்; வெயில் ஏறியதும் கருகும். விதையைச் சேர்த்து வைத்து அடுத்த ஐப்பசிக்கு மீண்டும் விதைக்க வேண்டும். கேரி அச்செடியை அடுத்தடுத்த பருவங்களுக்கும் காத்துவந்தார். தாயகத்தில் இயல்பாகக் கிடந்த ஒன்று, பெயர்ந்த நிலத்தில் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலையாக மாறிவிட்டது. தில்லியிலும் லக்னோவிலும் கொல்கத்தாவிலும் இன்று நாம் காணும் 'வசந்தத் தோட்டம்' முழுவதும் இந்தக் கணக்கின்படியே நடக்கிறது. ஐரோப்பியரின் வசந்தமும் கோடையும் இங்கே பனிக்காலத்தின் இறுதிக்குள் மடித்து வைக்கப்பட்டன.

வெளியிலிருந்து வந்த எல்லாச் செடிக்கும் இந்நிலை நேர்ந்ததில்லை. சரசுவதி பூசைக்கு வங்காளியர் வீடுதோறும் தேடும் மஞ்சள் நிறக் காந்தா மலரை எடுத்துக்கொள்வோம். நாம் செண்டுமல்லி என்றும் துலுக்கச் சாமந்தி என்றும் அழைக்கும் பூ அது. அதன் தாயகம் மெக்சிகோ. அங்கே நவாட்டில் மொழியில் அதற்கு 'இருபது மலர்' எனப் பொருள்படும் பெயர் இருந்தது. ஐரோப்பியக் கப்பல்களின் வருகைக்குப் பின்னரே அது இந்தியா வந்தது. இன்று அதை அந்நிய மலர் என்று சொன்னால் நம்புவோர் குறைவு. காரணம் அதன் பெயர்களிலேயே உள்ளது. இந்தியில் கேந்தா, கேந்து என்றால் பந்து. கன்னடத்தில் செண்டு ஹூவு. செண்டு என்றாலும் பந்து. தெலுங்கில் பந்திப்பூவு, அங்கும் பந்தே. தமிழிலும் செண்டு என்பதற்குப் பந்து என்ற பொருள் உண்டு. வேறுவேறு மொழியினர் அம்மலரைக் கையிலெடுத்துப் பார்த்து, உருண்டையாக இருக்கிறதே என்று தம் சொல்லாலேயே பெயரிட்டனர். மாலைக்கும் பூசைக்கும் உதவியதால் அது ஊர்மலர் ஆயிற்று.

டெய்சிக்கு அப்படியொரு பெயர் அமையவில்லை. அது டெய்சியாகவே நின்றுவிட்டது. அச்சொல் பழைய ஆங்கிலத்தில் 'பகலின் கண்' என்னும் பொருளுடையது. காலையில் இதழ் விரித்து மாலையில் கூம்புவதால் வந்த பெயர். அவ்வளவு அழகிய காரணப்பெயர் இங்கே பொருளிழந்த ஒலியாக மட்டுமே வழங்குகிறது. ஒரு செடி வேரூன்றிவிட்டதா என்பதை அறிய மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை; அதன் பெயரைக் கேட்டாலே போதும் என்று சில வேளை எனக்குத் தோன்றுவதுண்டு.

செராம்பூருக்குத் திரும்புவோம். 1812 மார்ச்சில் அங்கிருந்த அச்சகம் தீப்பற்றி எரிந்தது. கேரி பல ஆண்டுகளாகத் தொகுத்துவந்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப்படிகளும் அதில் அழிந்தன. 1823 அக்டோபரில் தாமோதர் ஆறு கரையுடைத்துப் பெருகியபோது தோட்டம் நீரில் மூழ்கியது. அவர் குடியிருந்த வீடும் ஆற்றுக்கு இரையாயிற்று. காலில் அடிபட்டுப் படுக்கையிலிருந்து மீண்டுகொண்டிருந்த நேரம் அது. வயது அறுபதைக் கடந்திருந்தது. இரு முறையும் அவர் முதலிலிருந்து தொடங்கினார். எரிந்த ஏடுகளை மீண்டும் எழுதினார். அழிந்த பாத்திகளில் மீண்டும் விதைத்தார். தம் வங்காள மொழிபெயர்ப்பையும் வாழ்நாள் முழுவதும் திருத்திக்கொண்டே இருந்தார். 1801இல் வெளிவந்த புதிய ஏற்பாடு 1832இல் எட்டாம் பதிப்பைக் கண்டது. ஒருமுறை செய்து முடித்துவிட்டோம் என்று இருக்க முடியாத வேலைகள் அவை.

ஆனால் அந்த 'மீண்டும் விதைத்தார்' என்ற தொடரில் ஒரு மறைப்பு இருக்கிறது. நாளெல்லாம் கல்லூரியிலும் அச்சகத்திலும் இருந்த ஒருவர் ஐந்து ஏக்கரைத் தனியே பேணியிருக்க இயலாது. மண்ணைக் கொத்தியவரும், நீர் சுமந்தவரும், எந்த நாளில் விதைத்தால் முளைக்கும் என்று அறிந்தவரும் வங்காளத் தோட்டக்காரர்களே. செராம்பூர் அச்சகத்தில் எழுத்து வெட்டிய பஞ்சானன் கர்மகாரின் பெயர் அச்சு வரலாற்றில் நிலைத்துவிட்டது. பாத்தி கட்டியவர்களுக்கு அப்பேறு கிட்டவில்லை. கொல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் வில்லியம் ராக்ஸ்பரோவின் மேற்பார்வையில் இந்திய ஓவியர்கள் தீட்டிய தாவர ஓவியங்கள் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். அவற்றை வரைந்தவர்களுள் பெரும்பாலோரின் பெயரும் பதிவாகவில்லை. வடமொழிகளில் தோட்டக்காரரை 'மாலி' என்கின்றனர். மாலை என்னும் சொல்லோடு உறவுடைய பெயர் அது. பூவை வளர்ப்பவரும் தொடுப்பவரும் ஒருவராகவே இருந்த காலத்தை அச்சொல் காத்துவைத்திருக்கிறது. ஆளின் பெயர் மறைந்தாலும் தொழிலின் பெயர் நிற்கிறது.

ராக்ஸ்பரோவின் பெயரைச் சொன்னதால் நமக்கு நெருக்கமான ஓர் இழையையும் சுட்ட வேண்டும். செராம்பூரைப் போலவே தரங்கம்பாடியும் டென்மார்க்கின் குடியிருப்பு. இரண்டும் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. லின்னேயசின் மாணவரான யோகான் கெரார்டு கேனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, சோழமண்டலக் கரையின் செடிகளைச் சேகரித்தார். அவருடைய வழிகாட்டுதலில் இந்தியத் தாவரங்களை ஆராயத் தொடங்கியவர்களுள் ஒருவர் ராக்ஸ்பரோ. கேரி அவருடைய நண்பர். ராக்ஸ்பரோவின் செடிப் பட்டியலை 1814இல் செராம்பூரில் அச்சிட்டவரும், அவர் மறைந்த பின் அவருடைய பெருநூலான 'ஃப்ளோரா இண்டிகா'வைப் பதிப்பித்தவரும் கேரியே. அந்நூல் செடிகளுக்கு லத்தீன் பெயரோடு சமற்கிருதம், வங்காளம், தெலுங்கு முதலிய மொழிகளின் பெயர்களையும் தருகிறது. மொழியியல் பயில்வோர்க்கு அது தாவர நூல் மட்டுமன்று, ஒரு சொற்களஞ்சியமும் ஆகும். 1820இல் கேரி நிறுவிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இன்றும் கொல்கத்தாவின் அலிப்பூரில் இயங்குகிறது.

1834 சூனில் கேரி மறைந்தார். தாம் போனபின் தோட்டத்துக்குள் மாடுகளை விட்டுவிடுவார்களோ என்பது இறுதி நாள்களில் அவருக்கிருந்த கவலை என்பர். ஆண்டுதோறும் விதைக்கும் கை இல்லையேல் தோட்டம் என்னாகும் என்று அவர் அறிந்திருந்தார். டெய்சி அதைத்தான் அவருக்குக் கற்பித்திருந்தது.

நண்பரைச் சிறப்பிக்க ராக்ஸ்பரோ இந்தியக் காட்டுமரம் ஒன்றின் பேரினத்துக்குக் 'கேரியா' என்று பெயர் சூட்டியிருந்தார். இந்தியில் அம்மரம் கும்பி. கும்பம், அதாவது குடம், என்னும் சொல்லிலிருந்து வந்த பெயர். இலையுதிர்ந்த கிளைகளில், கோடைக்குச் சற்று முன், அதாவது இந்த மாசி பங்குனியை ஒட்டி, அது மலர்கிறது. அதன் பூ இரவில் விரிந்து காலையில் உதிர்ந்துவிடும். பகலின் கண்ணைத் தேடி ஏங்கியவரின் பெயர், இரவில் மலரும் ஒரு நாட்டு மரத்துக்கு வாய்த்தது. அம்மரத்துக்கு விதைப்பவர் தேவையில்லை; லத்தீன் பெயரும் தேவையில்லை. கும்பி என்றழைத்த மக்களுக்கு அது முன்பே தெரிந்த மரந்தான்.

உங்கள் தோட்டத்தில் இப்போது பூத்திருப்பவற்றை உங்கள் ஊரில் என்ன பெயரிட்டு அழைக்கின்றனர் என்று எழுதுங்கள். வீட்டுக்கு வந்து செடி நட்டுத்தரும் தோட்டக்காரர் சொல்லும் பெயராயின் இன்னும் நன்று. சொன்னவர் பெயரையும், அவர் இசைந்தால், சேர்த்து எழுதுங்கள்.