கொழுந்தெடுத்த கைகள்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வேலைப் பிரிவினை

தேயிலைத் தோட்டத்தில் எல்லாரும் எல்லா வேலையும் செய்வதில்லை. கொழுந்தெடுக்கப் பெண்கள், செடி வெட்டிவிடும் கவ்வாத்துக்கும் ஆலைக்கும் ஆண்கள், ஆள் சேர்த்து வேலை வாங்கக் கங்காணி, கணக்கெழுதக் கிராணி, எல்லாருக்கும் மேலே துரை. இந்தப் பிரிவினையால் உற்பத்தி பெருகியது. தொழிலாளிக்கு அதனால் நேர்ந்தது என்ன என்பதைக் மலேசியாவின் கேமரன் மலை வரலாற்றை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் துணிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே வேலையின் நுட்பம் கூலியைத் தீர்மானிக்கவில்லை, அதைச் செய்தவர் யார் என்பதே தீர்மானித்தது.

வில்லியம் கேமரன் 1885இல் இம்மலையை அளந்து சென்ற பிறகும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது பெரும்பாலும் காடாகவே கிடந்தது. 1929இல் ஜே. ஏ. ரசல், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்னேயோடு சேர்ந்து போ என்ற தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தேயிலை இந்த மலைக்குப் புதிது. துரை, கிராணி, கங்காணி, கூலி என்ற அடுக்கு புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களிலும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் அது ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் பெரும்பாலும் கிராணி வேலைக்குப் போனார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணி கூட்டி வந்தவர்கள் செடி நிரைக்குப் போனார்கள். காலை ஆள் கணக்கெடுப்பான பெரட்டில் நின்று பேர் கொடுத்தவரின் பிள்ளை கிராணியின் மேசைக்குப் போவது அரிதாகவே நடந்தது. எந்த ஊர், எந்த மொழி, எந்தச் சாதி என்பதே வேலையைப் பங்கு போட்டது.

ஆணா பெண்ணா என்பதும் அப்படியே. 1920களின் இறுதியில் மலாயாவின் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் இந்தியத் தொழிலாளிக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெருமந்தம் வந்ததும் அதுவும் வெட்டப்பட்டது. நிலைமையை ஆராய 1936 இறுதியில் இந்திய அரசு அனுப்பிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, பழைய கூலியைத் திருப்பித் தரவேண்டும் என்று பரிந்துரைத்தார். நல்ல பரிந்துரைதான். ஆனால் அதிலும் ஆணுக்கு 50, பெண்ணுக்கு 40. அந்தப் பத்துக் காசு வித்தியாசம் யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

வேலைப் பிரிவினை என்றதும் ஆய்வாளர்கள் ஆடம் ஸ்மித்தின் குண்டூசிப் பட்டறையைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். பத்துப் பேர் வேலையைப் பங்கிட்டுக்கொண்டால் ஒரே நாளில் 48,000 குண்டூசி செய்யலாம் என்று 1776இல் வெளியான நூலில் அவர் எழுதினார். வாழ்நாள் முழுதும் ஓரிரு செய்கைகளையே திரும்பத் திரும்பச் செய்பவரின் அறிவு மழுங்கிப்போகும் என்று அதே நூலில் பின்னால் எச்சரித்தவரும் அவரே. இந்த எச்சரிக்கையை அப்படியே தேயிலை மலைக்குக் கொண்டுவர என்னால் முடியவில்லை. காரணம், கொழுந்தெடுப்பு மூளைக்கு வேலையில்லாத வேலை அன்று.

அந்த வேலையைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கூடை, கூடைக்கயிறு உச்சந்தலையில். இரண்டு கையும் ஒரே நேரத்தில் செடிமேல் ஓடும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒடியவேண்டும். நகத்தால் கிள்ளினால் கொழுந்து கன்றிப்போகும். முற்றல் இலை சேர்ந்தால் நிறுவையில் கழிவு விழும். இளங்குருத்தை விட்டுவைத்தால்தான் அடுத்த சுற்றுக்குக் கொழுந்து இருக்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை கொழுந்தெடுக்கும் பெண் முடிவெடுக்கிறாள், அதுவும் சரிவில், மழையில், அட்டைக்கடியில். இதைத்தான் கணக்குப் புத்தகம் சாதாரணக் கூலிவேலை என்று எழுதியது.

அவள் எடுத்த இலை ஆலைக்குப் போய் வாடி, உருண்டு, புளித்து, சூட்டில் காய்ந்து, சலித்துத் தரம் பிரிந்து வரும். ஒரு கிலோ தூளுக்கு நான்கைந்து கிலோ பச்சை இலை வேண்டும். தரத்துக்கு அடிப்படை அவள் விரல். தரத்தின் விலையோ அவள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் முடிவானது.

1938இல் தொழிலாளர் மலாயா செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. கங்காணிமுறை முடிவுக்கு வந்தது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. பிறகு விழுந்த அடி பெரிது. குடியுரிமை இல்லாதவர் வேலை அனுமதி பெறவேண்டும் என்ற 1968ஆம் ஆண்டு மலேசியச் சட்டத்தை அடுத்து ஏறத்தாழ 60,000 இந்தியர் நாட்டைவிட்டுப் போனார்கள். அவர்களில் பலர் தோட்டத்து ஆட்கள். எஞ்சியவர்களின் பிள்ளைகள் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்கு நகர்ந்தார்கள்.

ஆள் குறையக் குறையக் கருவி வந்தது. முதலில் பை பொருத்திய கத்தரி. பிறகு, இருவர் செடிவரிசையின் இருபுறமும் பிடித்துக்கொண்டு நடக்கும் வெட்டு இயந்திரம். இருவர் காலடியும் ஒன்றாக விழவேண்டும். ஒருவர் தடுமாறினால் செடியின் மேல்தளம் கோணலாகிவிடும். தோளில் அதிர்வு, காதில் இரைச்சல். இயந்திரம் இறங்க முடியாத செங்குத்துச் சரிவில் இன்றும் கத்தரிதான். கை எடுத்ததைப்போலப் பல மடங்கு இலை இப்போது சேர்கிறது. ஆனால் எடுப்பதா விடுவதா என்ற அந்த முடிவு தொழிலாளியின் கையைவிட்டுப் போய்விட்டது. இயந்திரம் மட்டத்தை வெட்டுகிறது. நல்லதையும் முற்றலையும் பிரிப்பது பிந்திய கட்டத்து வேலை. ஸ்மித் எச்சரித்த மழுங்கல் கேமரன் மலைக்கு வந்தது இந்தக் கட்டத்தில்தான் என்பேன்.

ஆட்களும் மாறினார்கள். பெண்களின் வேலையாக இருந்தது ஆண்களின் வேலையாயிற்று. வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் இன்று அந்த நிரைகளில் நடக்கிறார்கள். கங்காணியின் கடனுக்குக் கட்டுப்பட்டிருந்தவர்களின் இடத்தில், முகவரிடம் பட்ட கடனுக்கும் முதலாளி பெயரிலுள்ள வேலை அனுமதிக்கும் கட்டுப்பட்டவர்கள்.

கையால் கொழுந்தெடுத்த பெண்கள் முதுமையில் இருக்கிறார்கள். எந்தச் செடியை எப்போது தொடவேண்டும் என்ற அவர்களின் அறிவு எந்தத் தோட்டக் கணக்கிலும் பதிவாகவில்லை. தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் உள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களையும் பல்கலைக்கழக மாணவர்களையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அந்தப் பாட்டிகளைத் தேடிப் போங்கள், அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே எழுதி வையுங்கள்.