நுரை பொங்கும் ஏரி

லீவு விட்டதும் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்பி, முதல் வேலையாகப் படகுத்துறை க்யூவில் போய் நிற்கிற ஆளா நீங்கள்? அப்படியானால் உங்களுக்கு ஒரு கேள்வி. பெடல் மிதித்து நீங்கள் சுற்றிவந்த அந்த ஏரி இயற்கையானதா?

இல்லை! இரண்டுமே மனிதன் உருவாக்கியவை. ஊட்டி ஏரி, 1820-களில் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஓடைகளை மறித்து உண்டாக்கியது. கொடைக்கானல் ஏரியை 1863-ல் அமைத்தவர், மதுரை கலெக்டராக இருந்து ஓய்வுபெற்ற வேர் லெவிஞ்ச். ஏரியை உருவாக்கியதோடு விடவில்லை மனிதர். தூத்துக்குடியிலிருந்து மலைக்கு ஒரு படகையும் கொண்டுவரச் செய்தார்!

ஊட்டி ஏரி அன்று இருந்த அளவில் இன்று இல்லை. அதன் ஒரு பகுதியில்தான் பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் வந்தன. மிச்சமிருக்கும் ஏரிக்கு கோடப்பமந்து கால்வாய் வழியாக ஊரின் கழிவுநீர் வந்து சேர, அதைச் சுத்தம் செய்வதே தீராத வேலையாகிவிட்டது. கரையில் எவ்வளவு பூச்செடி வைத்தாலும் சரி, ஏரி நன்றாக இருக்குமா என்பது அதற்குத் தண்ணீர் வருகிற வழியைப் பொறுத்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு என்னோடு ஓசூர் பக்கம் வாருங்கள்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. சேலத்து வெயிலில் வெந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு ஓசூர் காற்று பிடிக்காமல் போகுமா? ப்ரெட் என்ற சேலம் கலெக்டர் இங்கே ‘கெனில்வொர்த்’ என்ற பெயரில் கோட்டை மாதிரி ஒரு மாளிகையே கட்டிக்கொண்டார். அவருடைய சொந்த நாட்டில் அந்தப் பெயரில் புகழ்பெற்ற கோட்டை ஒன்று உண்டு. ஓசூரில் எழுந்த கெனில்வொர்த் பிற்பாடு இடிந்து பாழானது.

ஆனால், சல்லிவனைப் போல இங்கே யாரும் உல்லாசத்துக்காக ஏரி வெட்டவில்லை. பெரிய நீர்ப்பரப்பு வந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். அதுவும் விவசாயிக்காக! காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1950-களின் பிற்பகுதியில், தென்பெண்ணையின் குறுக்கே கிருஷ்ணகிரி அணை எழுந்தது. 52 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி, சுமார் 9,000 ஏக்கருக்குப் பாய்ச்சுவதற்கு. பிறகு அதே ஆற்றில், மேலே ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை வந்தது. அதன் கொள்ளளவு 44.28 அடி. சுமார் 8,000 ஏக்கர் பாசனம்.

அணை என்றால் பூங்கா வேண்டாமா? இரண்டு இடத்திலும் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கூடையோடு குடும்பங்கள் வர ஆரம்பித்தன. 1970-களில் ஓசூருக்கு சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. தொடர்ந்து அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று தொழிற்சாலைகள் வரிசை கட்டின. ஷிஃப்ட் முடிந்த தொழிலாளிக்கும், புதிதாகக் குடிவந்த இன்ஜினீயருக்கும் காற்று வாங்க ஓர் ஏரிக்கரை. நாற்பதே கிலோமீட்டரில் பெங்களூரு. வார இறுதியில் நகரத்தை விட்டு ஓடிவர ஆசைப்படும் லட்சக்கணக்கான மனிதர்கள். ஏரிக்கரையில் ஒரு ரிசார்ட் போட வேறு என்ன வேண்டும்?

வேண்டியது ஒன்றுதான். நல்ல தண்ணீர்!

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. அங்கே அதன் பெயர் தட்சிண பினாகினி. பெங்களூருவின் கிழக்குப் பக்கமாக அது இறங்கி வரும்போது, நகரின் கழிவுநீரில் கணிசமான பகுதி பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக அதில் வந்து கலக்கிறது. பெல்லந்தூர் ஏரியை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 2015, 2017, 2018 என்று திரும்பத் திரும்பத் தீப்பற்றி எரிந்த அதே ஏரிதான். தண்ணீரில் நெருப்பு! அந்தத் தண்ணீர் எல்லை தாண்டியதும் முதலில் வந்து நிற்கிற இடம், நம்முடைய கெலவரப்பள்ளி.

பெங்களூருவில் மழை கொட்டி, இங்கே மதகைத் திறந்தால் போதும், ஆற்றில் வெள்ளை வெளேரென்று நுரை மலை மலையாய் எழும்புகிறது. சோப்புத்தூளும் ரசாயனமும் கலந்த தண்ணீர் மதகிலிருந்து வேகமாக விழும்போது, காபியை உயரத் தூக்கி ஆற்றினால் நுரைக்குமே, அதே கதைதான். 2024 அக்டோபரில் நந்திமங்கலம் தரைப்பாலமே நுரைக்குள் காணாமல் போனது. தூரத்திலிருந்து பார்த்தால் பனி பெய்த மாதிரி அழகு. பக்கத்தில் போனால் மூக்கைப் பிடிக்க வேண்டும். இந்தத் தண்ணீரில்தான் கீழே இருப்பவர்கள் நெல்லும் காய்கறியும் விளைவிக்க வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். பெங்களூரு குடிப்பது பெரும்பாலும் காவிரித் தண்ணீர். சுமார் 100 கிலோமீட்டரிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு பம்ப் செய்து கொண்டுபோகிறார்கள். அதில் கணிசமான பங்கு சாக்கடையாகிப் பெண்ணையாற்றுக்கு வருகிறது. நமக்கோ, ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீரிலிருந்து தப்பிக்க ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வேண்டியிருந்தது. 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. அதுவும் காவிரித் தண்ணீர். ஆக, ஒரே காவிரி ஓசூருக்கு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று குழாயில், இன்னொன்று நுரையாக!

‘எல்லாம் கர்நாடகத்தின் தப்பு’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிடாதீர்கள். கெலவரப்பள்ளியைத் தாண்டிய ஆறுதான் கிருஷ்ணகிரி அணைக்குப் போகிறது. அதாவது ஓசூருக்கு பெங்களூரு எப்படியோ, கிருஷ்ணகிரிக்கு ஓசூர் அப்படி. அதற்கும் கீழே சாத்தனூர், கடைசியில் கடலூர். 2019-ல் மாநகராட்சியாகிவிட்ட ஓசூர், தன் சாக்கடையை என்ன செய்கிறது என்று கிருஷ்ணகிரிக்காரர் கேட்டால் பதில் வேண்டுமே!

பெங்களூருவில் 2018-லிருந்து, கழிவுநீரைச் சுத்திகரித்து, வறண்ட கோலார் ஏரிகளுக்குக் குழாய் வழியே அனுப்புகிறார்கள். சாக்கடைக்கும் மதிப்பு வந்துவிட்டது! இன்னும் நன்றாகச் சுத்திகரிக்க வேண்டும் என்று அங்கேயே குரல்கள் எழுந்தன. நமக்கு இதில் இரட்டைக் கவலை. தண்ணீர் அழுக்காகவும் வரக்கூடாது, வராமலும் போய்விடக்கூடாது. பெண்ணையாற்றின் துணை ஆறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் அணை கட்டுவதை எதிர்த்து 2018-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. 2019 நவம்பரில் அங்கே தடை கிடைக்கவில்லை. நடுவர் மன்றம் கேட்டுப் போங்கள் என்பதுதான் கிடைத்த வழி.

ஓசூரில் சர்வதேச விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் அளவு. இத்தனை பேர் வந்தால் ஹோட்டல் வரும், ரிசார்ட் வரும், ஏரிக்கரை நிலத்தின் விலை எங்கேயோ போகும். ‘லேக் வியூ’ என்று விளம்பரப் பலகையும் வரும்.

அப்படி ஒரு பலகையைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவரா நீங்கள்? அல்லது படகுத்துறைக்குத் திட்டம் போடும் அதிகாரியா? தயவுசெய்து மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வழியில் அதில் என்ன கலக்கிறது? இங்கே கட்டப்போகும் நூறு அறைகளின் கழிவு எங்கே போகும்? முதல் இரண்டுக்கும் பதில் வாங்க இரண்டு மாநில அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டும். மூன்றாவதற்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். நம் ஊர் எல்லைக்குள்ளேயே, பிளானுக்குக் கையெழுத்துப் போடும்போதே முடிவுசெய்துவிடலாம். கீழே கிருஷ்ணகிரியில் ஒரு விவசாயி மதகு திறக்கக் காத்துக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் அப்போது ஞாபகம் இருந்தால் சரி.