வீட்டில் குழந்தைகள் காப்பகம்: முதல் ஆய்வுக்கு அதிகாரி வரும்போது

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆற்காடு பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் தாய்மார்களில் பலர் கைக்குழந்தையை காலாம்மா வீட்டிலோ, பக்கத்துத் தெரு மாமி வீட்டிலோ விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். இரண்டு பிள்ளைகளில் ஆரம்பித்து, ஒருவர் சொல்லி ஒருவர் வர, எட்டு, பத்து என்று கூடிவிடும். அப்போதுதான் "இதற்கு லைசென்ஸ் வேண்டுமா? அதிகாரி வந்தால் என்ன கேட்பார்?" என்ற பயம் வருகிறது.

சொந்தக்காரர் பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளை என இரண்டு மூன்று பேரை வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இல்லை. இங்கிலாந்தில் அப்படியல்ல. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் சம்பளத்துக்குப் பார்த்தாலே ஆஃப்ஸ்டெட் முறையில் பதிவு செய்ய வேண்டும். லண்டனில் இருக்கும் நம் சகோதரிகள் சொல்லும் 'இன்ஸ்பெக்‌ஷன்' அதுதான். ஆனால் இங்கேயும் வாசலில் பெயர்ப் பலகை வைத்து, ஃபீஸ் வாங்கி, பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தால், 2015-இல் தமிழக அரசு கொண்டுவந்த மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்கான விதிகள் பொருந்தும். அங்கீகாரம் பள்ளிக் கல்வித் துறையிடம் வாங்க வேண்டும். ஆய்வும் அந்தத் துறையிலிருந்துதான். பலகை மாட்டுவதற்கு முன்பே மாவட்டக் கல்வி அலுவலகத்தில் போய்க் கேட்டுவிடுவது நல்லது. மாட்டிய பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, நம் பகுதிக்கு அதுவே முக்கியம். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேர் வேலை செய்யும் எந்த நிறுவனத்துக்கும் இது கடமையானது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் சேர்த்தார்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை தொடர்கிறது. கம்பெனிக்கு உள்ளே இடமில்லை என்றால் நகராட்சியோ தொண்டு நிறுவனமோ தனியாரோ நடத்தும் பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. வீட்டில் ஒழுங்காக நடத்தும் ஒரு சகோதரி கம்பெனியோடு பேசுவதற்கு இந்த வரி ஒரு கதவு. ஆனால் அந்தக் கதவு வழியாகத் தொழிலாளர் துறை ஆய்வாளரும் வருவார், ஐரோப்பிய பிராண்டுகள் அனுப்பும் தணிக்கையாளரும் வருவார்.

அவர்கள் கையில் இருக்கும் அளவுகோல், மத்திய பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். மூன்று வயதுக்குட்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளர், மூன்று வயதுக்கு மேல் 20 பிள்ளைகளுக்கு ஒருவர், கூடவே ஓர் உதவியாளர். ஒரு பிள்ளைக்கு 10 முதல் 12 சதுர அடி இடம். பத்துக்குப் பன்னிரண்டு ஹால் என்றால் 120 சதுர அடி. கணக்குப்படி பத்துப் பிள்ளைகள். ஆனால் சோபா, பீரோ, தையல் மெஷின் அடைத்த இடத்தைக் கழித்தால் ஆறேழு பேருக்குத்தான் வரும். முதல் ஆய்விலேயே அடிபடுவது பெரும்பாலும் இந்தக் கணக்கு.

தையல் மெஷின் என்றதும் நம் ஊர் விஷயம் ஒன்று. வீட்டிலேயே ஷூ அப்பர் தைப்பவர்கள் இங்கே நிறைய. ஊசி, கத்தரி, தோல் துண்டு, ஒட்டும் சொல்யூஷன் டப்பா எல்லாம் பிள்ளை தவழும் அறையிலேயே கிடக்கும். சொல்யூஷன் வாடை பெரியவர்களுக்கே தலைவலி தரும். அந்த வேலை வேறு அறையில், பூட்டுக்குள் இருக்க வேண்டும். முடியாது என்றால் இரண்டில் ஒரு வேலையைத்தான் செய்ய முடியும்.

தண்ணீரும் அப்படித்தான். ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரைக் கெடுத்த கதை நமக்குத் தெரியும். பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு செய்த சேதத்துக்காக உச்ச நீதிமன்றம் 1996-லும், மறுபடி 2025 ஜனவரியிலும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே போர் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கொடுக்கக் கூடாது. எங்கிருந்து வரும் தண்ணீர் என்று கேட்டால் சொல்லவும் காட்டவும் தெரிய வேண்டும்.

வருபவர் வாசலிலிருந்து கொல்லை வரை நடந்து பார்ப்பார். சம்ப் மூடி, செப்டிக் டேங்க் மூடி இரண்டையும் கண்டிப்பாகப் பார்ப்பார். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதே ஏப்ரலில் மதுரை கே.கே. நகரில் ஒரு மழலையர் பள்ளியின் தண்ணீர்த் தொட்டியில் நான்கு வயதுப் பிள்ளை போனது. தகர மூடி, அதன்மேல் ஒரு கல் என்பது மூடியே இல்லை. கேஸ் சிலிண்டரும் அடுப்பும் பிள்ளைகள் அறைக்கு வெளியே, கதவுக்கு அப்பால் இருக்க வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைக் கொண்டுபோன தீ சமையல்கூடத்தில் ஆரம்பித்ததுதான். அதனால்தான் தரைத்தளமா, வெளியேற இரண்டாவது வழி உண்டா என்று கேட்கிறார்கள். மாடிப் போர்ஷனில் நடத்துபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

காகிதங்கள்: விளையாட்டுப் பள்ளி என்றால் தாசில்தாரின் கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறை சான்று, சுகாதாரச் சான்று. சமைத்துக் கொடுத்தால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு. பிள்ளை வாரியாக ஒரு தாள்: தாய் தந்தை போன் நம்பர், தடுப்பூசி அட்டை நகல், ஒவ்வாமை, யார் வந்தால் அனுப்பலாம் என்ற பெயர்கள். வருகைப் பதிவேடு அன்றன்று எழுதப்பட வேண்டும். ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதியது பார்த்தாலே தெரியும். பெற்றோர் எழுதிக் கொடுக்காமல் காய்ச்சல் மருந்துகூட ஊட்டக் கூடாது.

கேட்கச் சங்கடமான கேள்வி ஒன்றும் வரும்: வீட்டில் இருக்கும் ஆண்கள் யார்? கணவர், வாலிப மகன், கொழுந்தனார் என்று யாராயிருந்தாலும் கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும். நம் வீட்டைச் சந்தேகப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. பிள்ளை அமானிதம், ஒப்படைத்தவருக்காகக் கேட்கிறார்கள். காப்பக நேரத்தில் பிள்ளைகள் அறைக்குள் ஆண்கள் வருவதில்லை என்ற ஒழுங்கு இருந்தால் பேச்சு அங்கேயே முடியும். பணியாளருக்குக் காவல் துறைச் சரிபார்ப்பு வாங்கி வைக்க வேண்டும். ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் மறைத்தால், நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம். 1098 என்ற எண் சுவரில் இருக்கட்டும்.

கேமரா விஷயத்தில் சகோதரிகள் பலர் தயங்குகிறார்கள், நியாயம்தான். வீடு முழுக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் விளையாடும் அறை, வாசல் இரண்டுக்கும் வைத்து, திரையைப் பெண்கள் மட்டும் பார்க்கும்படி ஏற்பாடு செய்யலாம். உடை மாற்றும் இடத்திலும் கழிப்பறையிலும் ஒருபோதும் வைக்கக் கூடாது.

ஆய்வு முடிந்ததும் குறைகளை வாயால் சொன்னால், பணிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தத் தேதிக்குள் சரி செய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். சரி செய்ததும் போட்டோவோடு பதில் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி, அந்த நகலைப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை வருபவர் வேறு அதிகாரியாக இருந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்.