'காங்கிரஸ்' என்னும் சொல்

நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 'காங்கிரஸ்' என்பது அந்நியச் சொல்லாய் ஒலிப்பதில்லை. லயத்து வாழ்வோடு ஒன்றிவிட்டது. அதன் வேர் இலத்தீன். ஒருங்கே அடியெடுத்து வந்து கூடுதல் என்பது பொருள். சிலப்பதிகாரம் கூறும் எண்பேராயத்தை நினைந்து அதனைப் 'பேராயம்' எனத் தமிழில் வழங்குவாரும் உளர். எண்பேராயம் அரசனைச் சூழ்ந்த குழு. மக்கள் தேர்ந்தனுப்பிய அவையன்று. ஆதலின் அவ்வழக்கு எனக்கு முழுதும் உடன்பாடில்லை.

முன்னர்த் தொழிலாளர்க்காகத் துரையிடம் பேசியவர் கங்காணியார். கண்காணிப்பவர் என்பதே அச்சொல்லின் பொருள். காண்பவர் வேறு, காணப்படுவோர் வேறு. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியபின் அவ்வேற்றுமை தளர்ந்தது. அறவே நீங்கிற்று என்பதற்கில்லை. அதன் தலைவருள் ஒருவரான சௌமியமூர்த்தி தொண்டமானே, கங்காணியாயிருந்து தோட்டமொன்றை வாங்கியவரின் மைந்தர். 1947இல் அவர் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் புகுந்தார்.

அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டம், அவரைத் தேர்ந்தனுப்பியோருட் பெரும்பாலாரின் வாக்கைப் பறித்தது. 1950இல் காங்கிரசின் தொழிற்சங்கம் 'இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்' ஆயிற்று. 'இந்திய' என்னும் அடை போயிற்று, 'காங்கிரஸ்' போகவில்லை. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சியினர் ஒருவரும் பாராளுமன்றம் புகவில்லை. சந்தா செலுத்தித் தாமே தலைவரைத் தேர்ந்துகொண்ட தோட்டக் கமிட்டியே வாக்கிழந்தோர்க்கு எஞ்சிய சபை.