சுண்டுவிரல் மரத்துப் போனால்...

முழங்கையை மேஜை முனையில் இடித்துக்கொண்டு, சுண்டுவிரல் வரை ஷாக் அடித்த மாதிரி 'சுரீர்' என்று ஓடியிருக்கிறதா? ஷாக் அடித்தது எலும்பு இல்லை. அதன் பின்புறம், தோலுக்கு அடியிலேயே ஓடும் அல்நார் நரம்பு.

நான் வங்கிக்காரன், டாக்டர் இல்லை. இங்கே நாக்பூர் கிளையில் எங்கள் கேஷியர் படிக்கட்டில் விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது, நோட்டு எண்ணத்தான் முடியவில்லை. அதற்கப்புறம்தான் இந்தச் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

1850-ல் வாலர் என்பவர் தவளை நாக்கின் நரம்பை வெட்டிப் பார்த்தார். வெட்டுக்கு அப்பால் இருந்த பகுதி அழிந்துபோனது. நரம்புக் காயத்தைப் புரிந்துகொள்ள அதுதான் அஸ்திவாரம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட சிப்பாய்களைக் கவனித்த வெய்ர் மிட்செல், 1864-ல் தன் சகாக்களோடு சேர்ந்து நரம்புக் காயங்களுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார்.

முதல் உலகப்போரில் வேடிக்கை ஒன்று நடந்தது. தட்டினால் விரல் பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தால் நரம்பு வளர்கிறது என்று அர்த்தம். இதை 1915-ல் ஜெர்மனியின் ஹாஃப்மனும் பிரான்சின் டினெலும் தனித்தனியே எழுதினார்கள். இருவரும் எதிரெதிர் அணி! அதே ஆண்டு ஃப்ரோமான் சொன்னது இன்னும் எளிது: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஒரு காகிதத்தைப் பிடிக்கச் சொல்லி இழுங்கள். கட்டைவிரல் நுனி மடங்கினால் அல்நார் நரம்பில் கோளாறு. எங்கள் கேஷியருக்கு மடங்கியது.

1943-ல் செடன் காயத்தை மூன்றாகப் பிரித்தார்: அதிர்ச்சி மட்டும், உள்ளே இழை அறுந்தது, முழுதாகத் துண்டானது. முதலாவது பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகும். கடைசியானதற்கு ஆபரேஷன்தான். நடுவில் இருப்பதற்குப் பொறுமை வேண்டும். நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசைவரை 30 சென்டிமீட்டர் என்றால் 300 நாள்! ஆனால் காத்திருப்புக்கும் கெடு உண்டு. ஒன்று ஒன்றரை வருஷத்துக்கு மேல் நரம்பு வந்து சேராவிட்டால் தசை வீணாகிவிடும்.

ஊரை விட்டு வந்து, கேட்க ஒரு பெரியவர்கூடப் பக்கத்தில் இல்லாத நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. குழந்தை விழுந்தால் கட்டுப் போடுவதற்கு முன்பே சுண்டுவிரலில் உணர்ச்சி இருக்கிறதா, விரல்களை விரிக்க முடிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் அன்றே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது.