காகித மணி: ஒரு பெயர் வந்த வழி

பழைய நாட்காட்டித் தாளை நீண்ட முக்கோணப் பட்டையாக நறுக்க வேண்டும். அகன்ற பக்கத்தை ஓர் ஈர்க்குச்சியில் வைத்து இறுக்கமாகச் சுற்றிக்கொண்டே போய், கூர்முனையைப் பசை தடவி ஒட்டிக் குச்சியை உருவினால், நடுவில் பருத்து இருபுறமும் ஒடுங்கிய உருண்டை ஒன்று கையில் நிற்கும். உள்ளே துளை தானாகவே அமைந்திருக்கும். மேலே வார்னிஷ் பூசி உலர்த்தினால் கோத்து அணியலாம். பட்டையின் அகலம் மணியின் நீளத்தையும், பட்டையின் நீளம் மணியின் பருமனையும் முடிவு செய்கின்றன. முக்கோணத்துக்குப் பதில் நேர்ப்பட்டையைச் சுற்றினால் உருளை மணி கிடைக்கும்.

கடைகளில் இதற்குப் 'பேப்பர் ஜுவல்லரி' என்று பெயர். தமிழில் நேராகச் சொன்னால் காகித மணி. காகிதம் வெளியிலிருந்து வந்த சொல். மணி நம்மிடம் மிகப் பழைய சொல். இரண்டும் வந்த வழியைத் தேடுவதற்குக் கோலார் தங்கவயலை விடப் பொருத்தமான ஊர் இல்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் அது. நூறாண்டுக்கு மேல் பொன்னைத் தவிர வேறெதையும் விலையுள்ளதாக எண்ணாத ஊரும் அதுதான்.

முதலில் காகிதம். கன்னடத்தில் இது 'காகத', தெலுங்கில் 'காகிதமு', உருதுவில் 'காகஸ்'. நான்கு மொழிக்காரரும் இந்த ஒரு பொருளுக்கு ஒரே சொல்லைத்தான் வெவ்வேறு ஒலிப்பில் சொல்கிறார்கள். நம் பேச்சில் அது 'காயிதம்' என்றும் தேய்ந்தது. இவை யாவும் பாரசீகத்தின் 'காகஸ்' வழி வந்தவை. பாரசீகத்துக்கு அது சோக்தியன் மொழியிலிருந்தோ, அதற்கும் கிழக்கே சீனத்திலிருந்தோ வந்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். பொருள் சீனத்தில் பிறந்தது; சமர்கந்து, பாரசீகம், தில்லி, தக்காணத்து அரசவைகள் என்று நிலவழியாக வந்தபோது பெயரையும் கூட்டிக்கொண்டு வந்தது.

இதே பொருளுக்குக் கடல்வழி வந்த பெயரும் தமிழில் உண்டு. 'கடுதாசி' அது. 16ஆம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலில் ஓடிய மரக்கலங்கள் போர்த்துகீசியரிடம் ஓர் அனுமதிச் சீட்டு வாங்கியாக வேண்டியிருந்தது. அந்தச் சீட்டுக்குக் 'கர்தாஸ்' என்று பெயர். அச்சொல் அரபியின் 'கிர்தாஸ்' என்பதிலிருந்தும், அது கிரேக்கத்தில் பாப்பிரஸ் தாளைக் குறித்த சொல்லிலிருந்தும் வந்தது. கடற்கரையில் அதிகாரத்தின் சீட்டாக இறங்கிய சொல், உள்நாட்டில் உறவுக்காரர் எழுதும் கடிதமாக இளகிவிட்டது. 'பேப்பர்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே பாப்பிரஸிலிருந்து பிறந்ததுதான்.

நமக்கென்று உள்ள சொல் 'தாள்'. அது முதலில் காலைக் குறித்தது. பிறகு பயிரின் தண்டையும் அடியையும் குறித்தது. நெற்கதிரை அறுத்தபின் வயலில் நிற்பது தாள். ஏடும் காகிதமும் அந்தப் பெயரைப் பின்னால் வாங்கிக்கொண்டன. பயிரின் தண்டு காகிதமாவது இன்று சொல்லளவில் மட்டும் இல்லை. கரூர் மாவட்டம் புகழூரில் 1984இல் உற்பத்தி தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முதன்மையான மூலப்பொருளாகக் கொண்டு வளர்ந்தது. கரும்பின் தாளே அங்கே எழுதும் தாளாகிறது.

காகிதத்தின் பிறப்புக் கதையில் நம் பொருளுக்கு மிக வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. சீன அரசவையில் சாய் லுன் என்ற அதிகாரி கி.பி. 105இல் காகிதம் செய்யும் முறையை மன்னருக்கு அறிவித்தார் என்பது மரபான வரலாறு. அவர் பயன்படுத்தியவையாகச் சொல்லப்படுபவை மரப்பட்டை, சணல், கந்தல் துணி, கிழிந்த மீன்வலை. அப்படியானால் காகிதம் பிறந்ததே கழிவிலிருந்து. 'மறுசுழற்சி' என்ற சொல்லை நாம் அண்மையில் ஆக்கிக்கொண்டோம். செயலோ காகிதத்தின் முதல் நாளிலேயே இருந்தது. புதுச்சேரியில் 1959இல் தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கித் தாள் செய்கிறது. அதுவும் அந்தப் பழைய வழிதான்.

தங்கவயலில் காகிதத்துக்குத் தனியே ஒரு பெருமை உண்டு. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளரான அயோத்திதாசர் 1907ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ஓர் இதழ் தொடங்கினார். 'ஒரு பைசாத் தமிழன்' என்று விலையையே பெயரில் வைத்த இதழ் அது. ஓராண்டில் 'தமிழன்' என்று சுருங்கியது. 1914இல் அவர் மறைந்தபின் நின்றுபோன அந்த இதழ் 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மறுபடி வெளிவந்தது. சித்தார்த்தா புத்தகசாலை அங்கிருந்தே அயோத்திதாசரின் நூல்களைப் பதிப்பித்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சத்துக்கும் சாதிக்கும் தப்பி வந்து பூமிக்கடியில் இறங்கிய மக்கள், மேலே வந்ததும் படித்த காகிதம் அது. வெட்டியெடுத்த பொன்னில் அவர்களுக்குப் பங்கில்லை. அச்சிட்ட தாள் அவர்களுடையதாக இருந்தது.

இனி மணி. தமிழ், கன்னடம், மலையாளம், சமஸ்கிருதம் எல்லாவற்றிலும் இச்சொல் உண்டு. ரிக் வேதத்திலேயே கழுத்தணியைக் குறித்து வருகிறது. எம்மொழி எதற்குக் கொடுத்தது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. தமிழில் அது வளர்ந்த விதம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. சங்க நூல்களில் மணி பெரும்பாலும் நீலமணி. அகநானூற்றின் 400 பாடல்களை மூன்றாகப் பகுத்தவர்கள், 121 முதல் 300 வரையிலான பகுதிக்கு 'மணிமிடை பவளம்' என்றும் கடைசி நூறுக்கு 'நித்திலக்கோவை' என்றும் பெயரிட்டார்கள். நீலமணியும் பவளமும் கலந்து கோத்தது ஒன்று, முத்துக்கோவை மற்றொன்று. பாடல்களைத் தொகுப்பது மணி கோப்பதைப் போன்றது என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

பிறகு சொல் கல்லை விட்டு இறங்கி எங்கும் பரவியது. நெல்மணி, கண்மணி, துளசிமணி, பாசிமணி, ஊசிமணி, கருகமணி. விதையும் கண்ணின் பாவையும் கண்ணாடித் துண்டும் மரத்தின் கடைசலும் ஒரே பெயருக்குள் வந்தன. ஒலிக்கும் மணியும், அதன் ஓசையால் அறியப்பட்ட நேரமும்கூட வந்தன. தங்கவயலில் கன்னடக்காரர் தாலியோடு கோக்கும் கறுப்பு மணியைக் 'கரிமணி' என்கிறார்கள். தமிழர் 'கருகமணி' என்கிறார்கள். மாங்கல்யத்தில் பொன்னுக்கு அருகே உரிமையோடு அமர்ந்திருக்கும் அந்த மணி பெரும்பாலும் வெறும் கண்ணாடி. தங்கவயலுக்கு வடகிழக்கே, திருக்காளத்திப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் கண்ணாடியை உருக்கிக் குழலாக இழுத்து மணி நறுக்கும் தொழில் நம் காலம் வரை நிலைத்தது. பழந்துறைமுகமான அரிக்கமேட்டில் மணி செய்த முறையை அங்கே ஆய்வாளர் கண்டனர். நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த மணிகளோ சூதுபவளமும் பளிங்கும் பச்சைக்கல்லும். இவ்வளவு வேறுபட்ட பொருள்களையும் ஒரு சொல் தாங்குகிறதென்றால், மணி என்பது பொருளின் பெயரில்லை என்று தெரிகிறது. சிறிய, நேர்த்தியான, எண்ணிக் கோக்கத்தக்க எதுவும் மணிதான்.

பொன்னுக்கும் மணிக்கும் உள்ள உறவை இன்னொரு சொல் சொல்கிறது. "வீட்டில் ஒரு குண்டுமணி தங்கம் இல்லை" என்கிறோம். குன்றிமணி என்பதன் பேச்சு வடிவம் அது. சிவப்பும் கறுப்பும் கலந்த அந்தக் காட்டு விதையே தட்டாரின் தராசில் எடைக்கல்லாக இருந்தது. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, மஞ்சாடியும் விதைதான். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இராசராசன் கொடுத்த நகைகளைக் கழஞ்சும் மஞ்சாடியும் குன்றியுமாக நிறுத்துச் சொல்கின்றன. பொன்னின் அளவைச் சொல்ல வேலியோரத்து விதை வேண்டியிருந்தது.

'நகை' என்ற சொல்லையும் பார்ப்போம். அதற்கு ஒளி, சிரிப்பு என்றும் பொருள் உண்டு. 'அணி' அணிவதால் வந்த பெயர். 'இழை' நூலுக்கும் நகைக்கும் பொது. ஆயிழை, சேயிழை என்று பெண்ணை அழைத்தது அந்தப் பொருளில்தான். இந்தப் பெயர்கள் மின்னுவதையும் அணிவதையும் நூலையும் சொல்கின்றன. ஒன்றிலும் பொன் இல்லை.

பிறமொழிகளிலும் இதைக் காணலாம். மணியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'பீட்' முதலில் இறைவேண்டலைக் குறித்தது. செபமாலையில் வேண்டலை எண்ண உதவிய உருண்டைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. காகிதப் பட்டையைச் சுருட்டி ஜிமிக்கி செய்யும் கலைக்கு நம் பெண்கள் வழங்கும் பெயர் 'குவில்லிங்'. பட்டையைச் சுற்றப் பறவை இறகின் தண்டு பயன்பட்டதால் வந்தது அது. ஐரோப்பியக் கன்னியர் மடங்களில், பொன்முலாம் பூசிய புத்தக ஓரங்களை நறுக்கிச் சுருட்டிப் பொற்கம்பி வேலைபோல் செய்தார்கள் என்று அதன் வரலாற்றில் சொல்லப்படுகிறது.

இனி தங்கவயலுக்குத் திரும்புவோம். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது முதல் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது வரை தங்கவயல் 800 டன்னுக்கு மேல் பொன் கொடுத்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கியது. கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம் பொன்தான் தேறியது. மிஞ்சிய பொடியே இன்று ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகள். 3 கோடி டன்னுக்கு மேல் இருக்கும். மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புவது அங்கே பலரின் வாழ்க்கை. வீட்டை விட்டுப் போக முடியாத பெண்களுக்குக் குச்சியும் பசையும் பழைய தாளும் மட்டும் கேட்கும் தொழில் ஏன் வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

அது வயிற்றுக்குச் சோறு போடும் என்பதற்குச் சான்று உண்டு. 2004 சுனாமிக்குப் பின் ஆரோவில்லில் உருவான 'வெல்பேப்பர்' முயற்சி, சுற்றுக் கிராமப் பெண்களுக்குப் பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கூடையும் நகையும் செய்யக் கற்றுக்கொடுத்தது. உகாண்டாவில் சானா கதேஜா என்ற கலைஞர் காகித மணியைப் பரப்பி 'மணிகளின் அரசர்' என்றே பெயர் பெற்றார். அங்கே எத்தனையோ குடும்பங்கள் அதனால் பிழைக்கின்றன.

ஆகவே காகித மணியைப் 'போலி நகை' வரிசையில் வைப்பது சொல்லுக்கும் பொருந்தாது, பொருளுக்கும் பொருந்தாது. கவரிங் நகை உள்ளே இருப்பதை மறைத்துப் பொன்னின் தோற்றம் காட்டும். காகித மணி எதையும் மறைப்பதில்லை. அதன் விளிம்பில் அச்செழுத்தின் வண்ணக் கோடுகள் அப்படியே தெரியும். கல்லையும் கண்ணாடியையும் விதையையும் ஏற்ற சொல் காகிதத்தையும் ஏற்றிருக்கிறது. முழு உரிமையோடு அது மணி.

நகைக்கடைச் சீட்டில் பொன்னின் விலைக்குக் கீழே இரண்டு சொற்கள் இருக்கும்: சேதாரம், செய்கூலி. காகித மணிக்கு அந்தச் சீட்டை எழுதிப் பார்க்கலாம். பொருளின் விலை ஏறத்தாழ இல்லை. சேதாரமும் இல்லை, பிறர் வீணென்று எறிந்ததுதான் இங்கே மூலப்பொருள். எஞ்சுவது செய்கூலி ஒன்றே. எனவே காகித மணி மாலையைப் பேரம் பேசிக் குறைப்பவர் காகிதத்தின் விலையைக் குறைக்கவில்லை; சுற்றிய விரலின் கூலியைக் குறைக்கிறார். அடியிலிருந்து பொன்னை ஏற்றியனுப்பி, கூலியை மட்டும் நம்பி வாழ்ந்த ஊரில் செய்த மணி என்றால், கேட்ட விலையைக் கொடுத்து வாங்குவதுதான் நியாயம்.