கோத்தகிரிப் பாதை

தேனாம்பேட்டைக்காரனுக்கு மலை என்றால் பரங்கிமலைதான். அதன் உயரமே சுமார் 300 அடி. அப்படியிருக்க, அடுத்த வீட்டுப் பையன் தடித்த டயர் போட்ட சைக்கிளோடு கோத்தகிரிக்குப் புறப்பட்டான்.

"காட்டுப் பாதையிலே சைக்கிள் விடறது அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சது, மாமா!" என்றான்.

முழுக்க வாஸ்தவமில்லை. கலிபோர்னியா மலைச்சரிவில் பழைய சைக்கிள்களை வைத்துக்கொண்டு பந்தயம் விட ஆரம்பித்தது 1976-ல். அதற்கு முன்பே, 1951 முதல் 1956 வரை, பாரிஸ் புறநகர் வாலிபர்கள் சுமார் இருபது பேர் சங்கம் அமைத்து, சைக்கிளைத் தாங்களே மாற்றியமைத்துக் கரடுமுரடான வழிகளில் ஓட்டினார்கள். 1996-ல் அது ஒலிம்பிக்கிலும் ஏறிவிட்டது.

சைக்கிளுக்குச் சரித்திரம் கிடைத்துவிட்டது, பாதைக்கு? கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி ஏறினார்; சிறுமுகையிலிருந்து கோத்தகிரி வழியாகப் போட்ட சாலை 1823-ல் முடிந்தது என்று புத்தகங்கள் சொல்லும். ஆனால் துரை ஏறியது ஆளில்லாத காட்டில் அல்ல. தொதவர் எருமை ஓட்டிய வழியும், குறும்பர் தேன் கொண்டுவந்த வழியும், கோத்தர் தாங்கள் அடித்த இரும்புச் சாமான்களைப் படகரிடம் கொடுத்துத் தானியம் வாங்கி வந்த வழியும் அங்கே ஏற்கனவே இருந்தன. அந்தக் கால்களுக்குக் கல்வெட்டு இல்லை, அவ்வளவுதான்.

பையன் திரும்பி வந்தான். "அருமையான பாதை, மாமா! முதல்லே யார் நடந்தாங்களோ!"

"போன ஊர்ப் பேரை நிதானமாக இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.

"கோத்த...கிரி" என்றவன், அங்கேயே நின்றுவிட்டான்.